விற்றவரே விலை கொடுத்த கதை

2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவில் வேடிக்கையான வாணிகம் ஒன்று நடந்தது. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரக் காற்பந்துக் குழு, பிராக் ஆஸ்வைலர் என்னும் தன் ஆட்டக்காரரைக் கிளீவ்லாந்து நகரக் குழுவுக்குக் கொடுத்தது. பொருளைக் கொடுத்தவர் விலை வாங்குவதே உலக வழக்கு. இங்கோ, பெண்ணையும் கொடுத்துச் சீரும் கொடுப்பதுபோல, ஆளையும் கொடுத்து, அவரோடு அடுத்த ஆண்டில் புதிய ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நல்லதோர் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக ஹூஸ்டன் பெற்றது அதனினும் மிகத் தாழ்ந்த தேர்வுரிமை ஒன்றே.

கிளீவ்லாந்துக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. சீர்தான் வேண்டியிருந்தது. செப்டம்பர் முதல் நாள், பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே, அவரை விடுவித்துவிட்டார்கள். அவர் முன்பு ஆடிய டென்வர் குழு மிகக் குறைந்த சம்பளத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. மீதிச் சம்பளத்தைக் கிளீவ்லாந்து கட்டிற்று. ஒருவருக்கு ஏறக்குறைய 1 கோடியே 60 இலட்சம் வெள்ளி கொடுத்து அவரை ஆடவிடாமல் அனுப்பிய முதலாளிகளை முட்டாள்கள் என்று எண்ணிவிட வேண்டா. சீராக வந்த உரிமையைக் கொண்டு 2018-இல் அவர்கள் தேர்ந்தெடுத்த நிக் சப் என்னும் இளைஞர் அவர்களுடைய மிகச் சிறந்த ஓட்டக்காரராக விளங்கினார். (இக்கட்டுரையில் வெள்ளி என்று வருமிடமெல்லாம் அமெரிக்க வெள்ளியே.)

விற்றவரே விலை கொடுக்கும் நிலை எவ்வாறு வந்தது? அதனை அறிய அமெரிக்கக் காற்பந்தின் ஒப்பந்த வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். நாம் காற்பந்து என்று சொல்லுவது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறு. அவர்களுடைய பந்து முட்டை வடிவினது. அதனைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம், காலால் உதைப்பதோ எப்போதாவதுதான். ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் ஒருவர் கைக்கு வரும். அதனை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிகளுக்குள் அவர் முடிவு செய்யவேண்டும். படைக்குத் தலைவனைப் போன்ற அவருக்கு ‘குவார்ட்டர்பேக்’ என்று பெயர். முன்வரிசைக்குப் பின்னே கால் பங்குத் தொலைவில் நிற்பவர் என்பது அச்சொல்லின் பழம்பொருள். தமிழாசிரியர்கள் படிக்கும் ஏடாயிற்றே என்று இச்சொல்லைத் தமிழாக்க முயன்று பார்த்தேன். நான்கில் ஒரு பங்கும் கால், நடக்கும் உறுப்பும் கால் ஆகிவிட்ட மொழியில், கையால் எறிபவருக்குக் ‘கால்’ என்று தொடங்கும் பெயரிட்டால் குழப்பமே மிஞ்சும். ஆகவே குவார்ட்டர்பேக் அப்படியே நிற்கட்டும்.

இவ்வாட்டத்துக்குக் கூலி வாங்கியவர்களுள் நமக்குத் தெரிந்த முதல்வர் வில்லியம் ஹெபல்பிங்கர். 1892-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு அவர் 500 வெள்ளி பெற்றார். அக்காலத்தில் இன்று ஒரு குழு, நாளை ஒரு குழு என்று ஆட்டக்காரர் போய்வந்தனர். 1920-இல் லீக் தோன்றியது. 1922 முதல் அது தேசியக் காற்பந்து லீக் எனப் பெயர் பெற்றது. முதலாளிகள் ஒன்றுகூடியதும் அவர்கள் செய்த வேலைகளுள் தலையாயது, ஒருவர் ஆளை மற்றவர் இழுக்காமல் வேலி கட்டுவது. 1936-இல் ‘டிராப்ட்’ என்னும் தேர்வு முறை வந்தது. கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞர்களைக் குழுக்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். கடைசியில் நின்ற குழுவுக்கு முதல் முறை. தேர்ந்தெடுத்த குழுவோடு மட்டுமே அவ்விளைஞர் பேரம் பேசலாம். வலிமையற்ற குழுவைத் தூக்கிவிடும் முறை என்று முதலாளிகள் இதனைச் சொன்னார்கள், அது பொய்யன்று. ஆயின் இளைஞருக்கு வாங்குபவர் ஒருவரே ஆனார் என்பதும் பொய்யன்று. இந்தத் தேர்வுரிமைகளே பின்னாளில் லீக்கின் நாணயமாயின. இங்கிலாந்தில் ஆட்டக்காரர் மாறும்போது பணம் கைமாறுவதை நம் வாசகர் அறிவர். அமெரிக்கக் காற்பந்திலோ, ஆளுக்கு ஆள் கொடுப்பார்கள். அல்லது வரும் ஆண்டுகளின் தேர்வுரிமைகளைக் கொடுப்பார்கள்.

வேலிக்கு எதிராக முதலில் நின்றவர் பில் ராடோவிச். டெட்ராய்ட் குழுவில் ஆடிவந்த அவர், தந்தையார் நோயுற்றிருந்தமையால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குழுவுக்கு மாற்றும்படி 1946-இல் வேண்டினார். குழு மறுத்தது. அவர் போட்டி லீக் ஒன்றில் சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸிலேயே ஆடினார். அதற்காக அவர் பெயரைக் கரும்பட்டியலில் சேர்த்துப் பின்பு வேறெங்கும் வேலை கிடைக்காமல் செய்தார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாணிகப் போட்டியைத் தடுக்கும் கூட்டுச் சூழ்ச்சிகளுக்கு எதிரான சட்டம் காற்பந்துக்கும் பொருந்தும் என்று 1957-இல் தீர்ப்பாயிற்று. பேஸ்பால் ஆட்டத்துக்கு அதே நீதிமன்றம் முன்பு விலக்கு அளித்திருந்தது. காற்பந்துக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. பின்னர் வந்த வெற்றிகள் எல்லாவற்றுக்கும் இத்தீர்ப்பே அடித்தளம்.

அடித்தளம் இருந்தும் சுவர் எழும்பவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைக் குழு தன் விருப்பப்படி மேலும் ஓராண்டு, பழைய சம்பளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு கொடுத்து, நிறுத்திவைக்கலாம் என்று விதி இருந்தது. அந்த ஓராண்டையும் பொறுத்துக் கழித்தவர் வெளியேறலாம். 1962-இல் ஆர். சி. ஓவன்ஸ் என்பவர் அவ்வாறே சான்பிரான்சிஸ்கோவை விட்டுப் பால்டிமோர் சென்றார். முதலாளிகள் திடுக்கிட்டார்கள். மறு ஆண்டே புதிய விதி எழுதப்பட்டது: வெளியேறியவரைச் சேர்த்துக்கொள்ளும் குழு பழைய குழுவுக்கு ஈடு கொடுக்கவேண்டும், இரு குழுக்களும் ஒத்துவராவிட்டால், ஈடு எவ்வளவு என்பதை லீக்கின் ஆணையர் பீட் ரோசல் முடிவு செய்வார். இதுவே ரோசல் விதி.

விதியின் நுட்பம் அதன் இருளில் இருந்தது. 1968-இல் நியூ ஆர்லியன்ஸ் குழு டேவ் பார்க்ஸ் என்பவரைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு ஈடாக, அப்போதுதான் முதற்சுற்றில் தேர்ந்தெடுத்திருந்த இளைஞரையும் மறு ஆண்டின் முதற்சுற்று உரிமையையும் இழக்கும்படி ரோசல் ஆணையிட்டார். அதன்பின் எந்த முதலாளிக்குத் துணிவு வரும்? 1963 முதல் 1974 வரை 176 பேர் அந்த ஓராண்டைக் கழித்து வெளியே வந்தனர். அவர்களுள் வேறு குழுவில் சேர்ந்தவர் 34 பேரே. ரோசல் தாமே ஈடு விதித்தது நான்கு முறைதான். நான்கு முறை சாட்டையை வீசியதே போதுமாயிற்று.

இங்கேதான் நம் கதையின் முதல் குவார்ட்டர்பேக் வருகிறார். ஜோ கேப் என்பது அவர் பெயர். தாயார் வழியில் மெக்சிக்க மரபினர்; கனடாவில் ஆடி 1964-இல் அந்நாட்டின் கிண்ணத்தை வென்றவர். 1967-இல் மினசோட்டா குழு தன் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் பிரான் டார்க்கன்டனை, இரண்டு முதற்சுற்று உரிமைகளுக்கும் இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளுக்குமாக, நியூயார்க்குக்குக் கொடுத்தது. அவ்வாண்டே கேப் மினசோட்டாவுக்கு வந்துசேர்ந்தார். அழகாக எறியத் தெரியாதவர் என்று அவரைப் பலர் குறை சொன்னார்கள். ஆயினும் 1969 செப்டம்பரில் ஓர் ஆட்டத்தில் ஏழு கோல்களுக்கு எறிந்து லீக்கின் சாதனையைச் சமன் செய்தார் (கோல் என்பது நம் வழக்கு, அவர்கள் ‘டச்டவுன்’ என்பார்கள்). அப்பருவத்தில் தம் குழுவைச் சூப்பர் பவுல் என்னும் இறுதியாட்டம் வரை கொண்டுசென்றார். அதன் பின்னர் அவர் கேட்ட சம்பளம் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தவராய் வெளியேறி, 1970 அக்டோபரில் பாஸ்டன் குழுவில் சேர்ந்தார். பாஸ்டன் ஈடு கொடுத்தது.

மறு ஆண்டு கோடையில் ஒரு தாள் வந்தது. லீக்கின் எல்லா ஆட்டக்காரர்களும் கையொப்பமிடும் பொது ஒப்பந்தத் தாள் அது. கேப் தம் குழுவோடு சம்பளம், ஆண்டுகள் எல்லாம் குறித்து உடன்பாடு செய்துகொண்டிருந்தார். ஆனால் பொதுத் தாளில், லீக்கின் அமைப்பு விதிகள் அனைத்துக்கும், இனி ஆணையர் எடுக்கும் முடிவுகளுக்கும் கட்டுப்படுகிறேன் என்ற வாசகம் இருந்தது. ரோசல் விதியும் அதற்குள் அடக்கம். கேப் கையொப்பமிட மறுத்தார். கையொப்பமில்லாதவர் ஆடக்கூடாது என்றார் ஆணையர். பயிற்சி முகாமைவிட்டு அவர் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 33. அதற்குப் பிறகு அந்த லீக்கில் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

வழக்குத் தொடுத்தார். 1974-இல் நீதிபதி ஸ்வைகர்ட், ரோசல் விதியும் கட்டாயப் பொதுத் தாளும் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தார். கேப் வென்றார் என்று எழுதிவிடலாம். ஆனால் 1976-இல் இழப்பீடு எவ்வளவு என்பதை முடிவு செய்ய அமர்ந்த ஜூரிகள், அவருக்கு நட்டம் ஏற்படவில்லை என்று சொல்லி ஒரு வெள்ளியும் கொடுக்கவில்லை. நியாயம் அவர் பக்கம் நின்றது, பணம் நிற்கவில்லை. பின்னர் அவர் திரைப்படங்களில் நடித்தார், தாம் படித்த கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் குழுவுக்குச் சில ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தார், 2023-இல் காலமானார். கேப்பின் பெயரை இன்றைய இளம் ஆட்டக்காரர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர் என்பது ஐயமே.

அதே காலத்தில் ஆட்டக்காரர் சங்கத் தலைவர் ஜான் மேக்கியும் தோழர்களும் தொடுத்த வழக்கு மினியாபொலிஸ் நகரில் நடந்தது. 1975-இலும், மேல்முறையீட்டில் 1976-இலும் ரோசல் விதி வீழ்ந்தது. இவ்வளவு போராடிப் பெற்றதைச் சங்கம் 1977-ஆம் ஆண்டு உடன்பாட்டில் பெருமளவு விட்டுக்கொடுத்ததுதான் வியப்பு. வேறு சலுகைகளைப் பெறுவதற்காக, வெளியேறுபவருக்கு ஈடு கொடுக்கும் முறையைப் புதிய வடிவில் சங்கமே ஏற்றுக்கொண்டது. ரோசலின் கையில் இருந்த சாட்டை அட்டவணையாக மாறியது, அவ்வளவே. இதனைச் சங்கத்தின் பெரும்பிழை என்றே நான் கருதுகிறேன். அடுத்த பதினோராண்டுகளில் அந்த முறைப்படி ஈடு கொடுத்து ஆளை அழைத்துக்கொண்ட முதல் நிகழ்ச்சி 1988-இல்தான் நடந்தது: வில்பர் மார்ஷலுக்காக வாஷிங்டன் குழு சிகாகோவுக்கு இரண்டு முதற்சுற்று உரிமைகளைக் கொடுத்தது.

அந்நாளில் பேசும் வாய் யாருக்கு இருந்தது என்றால், கையில் வேறு தொழில் வைத்திருந்தவருக்கே. 1983-இல் பால்டிமோர் குழு ஜான் எல்வேயை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. அங்கு ஆடமாட்டேன், வேண்டுமானால் பேஸ்பால் ஆடப் போய்விடுவேன் என்று அவர் சொன்னார். நியூயார்க்கின் பேஸ்பால் குழு ஒன்றோடு அவருக்கு ஏற்கெனவே தொடர்பு இருந்தமையால் இது வெறும் மிரட்டலாகத் தோன்றவில்லை. ஒரே வாரத்தில் பால்டிமோர் அவரை டென்வருக்குக் கொடுத்துவிட்டது. பேஸ்பால் ஆடத் தெரியாத பிறர் வாய்மூடி இருந்தனர்.

1987-இல் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் மாற்றாட்களைக் கொண்டு ஆட்டங்களை நடத்தினார்கள். நிறுத்தம் 24 நாளில் முறிந்தது. மைதானத்தில் தோற்ற சங்கம் மீண்டும் நீதிமன்றத்தை நாடியது. 1992-இல் பிரீமன் மெக்நீல் வழக்கில் ஜூரிகள் ஆட்டக்காரர் பக்கம் நின்றனர். அடுத்து ரெஜி ஒயிட் பெயரில் எல்லா ஆட்டக்காரருக்குமாக வழக்கு எழுந்தது. முதலாளிகள் இனிப் பொருதுவதில் பயனில்லை என்று கண்டனர். 1993-இல் உடன்பாடு பிறந்தது. ஒப்பந்தம் முடிந்து, குறித்த ஆண்டுகள் ஆடியவர் தம் விருப்பம்போல் செல்லலாம். ஒயிட் அவ்வாண்டே 4 ஆண்டுக்கு 1 கோடியே 70 இலட்சம் வெள்ளிக்குக் கிரீன்பே குழுவில் சேர்ந்தார்.

இந்த உரிமைக்கு விலை ஒன்று இருந்தது. அதுதான் சம்பள உச்சவரம்பு. ஒரு குழு தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் ஓராண்டில் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு லீக் எல்லை வகுத்தது. 1994-இல் அவ்வெல்லை 3 கோடியே 46 இலட்சம் வெள்ளி. 2025-இல் 27 கோடியே 92 இலட்சம் வெள்ளி. லீக்கின் வருவாயோடு சேர்ந்து எல்லை உயரும். இங்கிலாந்தில் 1961 வரை ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு 20 பவுன் என்று உச்சக் கூலி இருந்ததை நினைவுகூர்வோர் இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது. அங்கே எல்லை தனியாளுக்கு, அமெரிக்காவில் குழுவுக்கு. தனியாள் எவ்வளவும் கேட்கலாம். ஆனால் அவர் வாங்கும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரே பானையிலிருந்து வருகிறது; குவார்ட்டர்பேக்கின் அகப்பை பெரிதானால் மற்ற ஐம்பது பேரின் இலையில் சோறு குறையும்.

இனி அந்தப் பானையின் கணக்கைப் பார்ப்போம். கணக்கு என்றதும் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. நமது கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. கையொப்பமிடும் நாளில் ஆட்டக்காரருக்கு ஒரு பெருந்தொகையை உடனே கொடுப்பார்கள். அதனைக் கையொப்பப் பணம் எனலாம். பணம் இன்றே கைமாறினாலும், உச்சவரம்புக் கணக்கில் அதனை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். ஐந்து ஆண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது. இன்று உண்டுவிட்டு ஐந்து தவணையில் எழுதும் வசதி இது. ஆட்டக்காரர் நடுவில் வேறு குழுவுக்குப் போனால், அந்நாளிலிருந்து வரும் சம்பளம் புதிய குழுவின் தலையில் விழும். ஆனால் முன்பே கொடுத்துவிட்ட கையொப்பப் பணத்தில் இன்னும் எழுதாமல் விட்ட பகுதி பழைய குழுவின் கணக்கிலேயே நிற்கும். பெரும்பாலும் முழுவதும் ஒரே ஆண்டில் வந்து விழும். ஆள் இல்லை, அவருக்குரிய செலவு மட்டும் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அமெரிக்கர் இதற்குச் ‘செத்த பணம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்வைலர் கதை இப்போது விளங்கும். 2016-இல் ஹூஸ்டன் அவருக்கு 4 ஆண்டுக்கு 7 கோடியே 20 இலட்சம் வெள்ளி ஒப்புக்கொண்டது. அதில் கையொப்பப் பணம் 1 கோடியே 20 இலட்சம். ஓராண்டு கழிந்து ஆட்டம் பிடிக்காமற் போனபோது, எழுதாமல் நின்ற 90 இலட்சம் எப்படியும் ஹூஸ்டனின் செத்த பணம். ஆனால் அடுத்த ஆண்டுக்கு உறுதி கொடுத்திருந்த 1 கோடியே 60 இலட்சம் சம்பளம், அவரை விடுவித்தாலும் கொடுத்தே ஆகவேண்டியது. அந்தச் சுமையை மட்டும் வேறொருவர் தோளுக்கு மாற்ற முடியும். கிளீவ்லாந்தின் கணக்கில் நிறைய இடம் காலியாகக் கிடந்தது. ஆக அன்று ஹூஸ்டன் விற்றது ஆஸ்வைலரை அன்று, கடனை. கடனை ஏற்பவருக்குத்தானே சீர் கொடுக்கவேண்டும்?

ரோசல் காலத்தில் ஆட்டக்காரரைக் கட்டிப்போட்டது லீக்கின் விதி. இன்று முதலாளியைக் கட்டிப்போடுவது அவரே எழுதிக்கொடுத்த பழைய ஒப்பந்தம். கயிறு அறுந்துவிடவில்லை, கட்டுண்டவர் மாறினார்.

இளைஞர்களின் கயிறோ மேலும் இறுகிற்று. 2010-இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் சாம் பிராட்போர்டு ஆறு ஆண்டுக்கு 7 கோடியே 80 இலட்சம் பெறும் ஒப்பந்தம் பெற்றார். அதில் 5 கோடி உறுதி. மறு ஆண்டு முதலாளிகளும் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டில் புதியவர்களின் சம்பளத்துக்கு அட்டவணை வந்தது. 2011-இல் அதே முதலிடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடியே 20 இலட்சம்தான். ஓராண்டு முன்பின் பிறந்ததற்கு இவ்வளவு வேறுபாடு! சங்கத்தில் வாக்களித்தவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்கள். வரப்போகும் பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு இல்லை. இந்த மிச்சத்தின் பயனைச் சியாட்டில் குழு நன்றாக அனுபவித்தது. 2012-இல் மூன்றாம் சுற்றில் அது தேர்ந்தெடுத்த ரசல் வில்சனுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 30 இலட்சத்துக்குள்தான் சம்பளம். குவார்ட்டர்பேக் மலிவாகக் கிடைத்ததால் பானையில் மிஞ்சியதைக் கொண்டு வலிமை மிக்க தற்காப்பு வரிசையைக் கட்டி, 2014 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்றார்கள்.

மலிவான ஒப்பந்தம் முடியும் நாள் வரும். அப்போது முதலாளிக்குப் பெரிய கேள்வி எழும்: தெரிந்த ஆளுக்குப் பெரும் பணமா, தெரியாத இளைஞருக்குச் சிறு பணமா? தெரிந்தவர்க்கே பணம் கொடுத்து வருந்திய கதைகள் 2019-க்குப் பின் அடுக்கடுக்காக வந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் குழு ஜாரட் காபுக்கு 2019-இல் 4 ஆண்டுக்கு 13 கோடியே 40 இலட்சம் கூட்டி எழுதியது. அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து நன்றாக மை உலர்வதற்குள், 2021-இல் அவரைக் கைவிட விரும்பியது. டெட்ராய்டின் மேத்யூ ஸ்டாபோர்டோ பன்னிரண்டு ஆண்டு ஆடியும் வெற்றி காணாமல், வேறிடம் செல்ல விரும்புவதாகக் கூறியிருந்தார். இரு குவார்ட்டர்பேக்குகளும் இடம் மாறினர். ஸ்டாபோர்டுக்காக லாஸ் ஏஞ்சலிஸ் காபோடு இரண்டு முதற்சுற்று உரிமைகளையும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் கொடுத்தது. 2 கோடியே 20 இலட்சத்துக்கு மேல் செத்த பணத்தையும் ஏற்றுக்கொண்டது. அந்த முதற்சுற்று உரிமைகளில் ஒரு பங்கு ஸ்டாபோர்டின் திறமைக்கு விலை. மற்றொரு பங்கு காபின் ஒப்பந்தத்தை டெட்ராய்ட் சுமப்பதற்குக் கூலி. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் ஆகாது. 2022 பிப்ரவரியில் ஸ்டாபோர்டு சூப்பர் பவுலை வென்றார். சுமை என்று தள்ளப்பட்ட காபோ, 2024 சனவரியில் டெட்ராய்டின் குவார்ட்டர்பேக்காக நின்று, தம் பழைய குழுவையே 24-23 என்ற கணக்கில் வென்றார். இறுதிச் சுற்று ஆட்டங்களில் டெட்ராய்ட் முப்பத்திரண்டு ஆண்டுக்குப் பின் கண்ட முதல் வெற்றி அது.

செத்த பணத்தின் அளவும் வளர்ந்துகொண்டே சென்றது. 2021-இல் பிலடெல்பியா, கார்சன் வென்ட்சை இண்டியானாபொலிசுக்கு அனுப்பி 3 கோடியே 38 இலட்சம் ஏற்றது. மறு ஆண்டு அட்லாண்டா, மாட் ரயனை அதே இண்டியானாபொலிசுக்கு ஒரு மூன்றாம் சுற்று உரிமைக்குக் கொடுத்து 4 கோடியே 5 இலட்சம் ஏற்றது. 2023-இல் ஏரன் ராட்ஜர்ஸ் நியூயார்க்குக்குப் போனபோது கிரீன்பே ஏற்றதும் 4 கோடிக்கு மேல். ராட்ஜர்சோ புதிய குழுவுக்காக நான்காவது முறை பந்தைத் தொட்டபோதே குதிகால் நரம்பு அறுந்து அப்பருவம் முழுவதையும் இழந்தார். முன்பு இத்தகைய தொகைகளுக்கு அஞ்சி முதலாளிகள் ஆளை வைத்துக்கொண்டே இருந்தனர். இப்போது ஏன் அஞ்சவில்லை? எல்லை ஆண்டுதோறும் உயர்வதுதான் காரணம். பெருந்தொற்றுக் காலத்து 2021-இல் அது தாழ்ந்து 18 கோடியே 25 இலட்சமாயிற்று. 2024-இல் 25 கோடியே 54 இலட்சம். பழைய கடன் அதே தொகையாக நிற்க, பானை பெருத்துக்கொண்டே போகிறது. விலைவாசி ஏறும் நாட்டில் கடன் வாங்கியவனுக்குக் கிடைக்கும் நன்மையே இவர்களுக்கும் கிடைக்கிறது.

ஆட்டக்காரர் பக்கத்திலும் புதிய வலிமை பிறந்தது. பெருங்குவார்ட்டர்பேக்குகள் தம் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்ற வாசகத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினர். 2022-இல் ஹூஸ்டனின் டிஷான் வாட்சன் அத்தகைய உரிமையுடன் பல குழுக்களை அழைத்துப் பேசினார். கிளீவ்லாந்து மூன்று முதற்சுற்று உரிமைகளோடு வேறு உரிமைகளையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. அவருக்கோ ஐந்து ஆண்டுக்கு 23 கோடி வெள்ளி, ஒரு காசும் விடாமல் உறுதி. லீக்கின் நடத்தை விதிகளை மீறியதற்காக அவ்வாண்டு 11 ஆட்டங்களுக்கு அவர் விலக்கிவைக்கப்பட்டார்; முதலாண்டுச் சம்பளம் வேண்டுமென்றே சிறிதாக எழுதப்பட்டிருந்ததால் அவர் இழந்த பணமும் சிறிதே. முற்றும் உறுதியான இந்த ஒப்பந்தம் மற்ற முதலாளிகளுக்குக் கசந்தது. அதன்பின் பெருங்குவார்ட்டர்பேக்குகளுக்குக் கொடுத்த நீண்ட ஒப்பந்தங்களில் அவர்கள் அதனைப் பின்பற்றவில்லை. ஏனையோர் நிலையை இங்கே மறந்துவிடக்கூடாது. முன்வரிசையில் நின்று மோதும் சாதாரண ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் பின்னாண்டுகளின் சம்பளம் பெரும்பாலும் வெறும் எழுத்து. வேண்டாதபோது அவரை விடுவித்துவிடலாம். கேப்பும் மேக்கியும் வென்ற உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை.

ரசல் வில்சனிடம் திரும்புவோம். 2019-இல் சியாட்டில் அவருக்கு 4 ஆண்டுக்கு 14 கோடி கூட்டி எழுதியது. கையொப்பப் பணம் 6 கோடியே 50 இலட்சம். ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1 கோடியே 30 இலட்சம். மூன்று ஆண்டு கழித்து, 2022 மார்ச்சில், அவர் சம்மதத்துடன் அவரை டென்வருக்குக் கொடுத்தது. எஞ்சிய இரண்டு ஆண்டின் பங்கு 2 கோடியே 60 இலட்சம் சியாட்டிலின் செத்த பணம் ஆயிற்று. அதனை மனமுவந்து ஏற்றதற்குக் காரணம், இரண்டு முதற்சுற்று உரிமைகளும் இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளும் மூன்று ஆட்டக்காரரும் வந்ததே. டென்வர் அத்துடன் நிற்கவில்லை. வில்சன் தங்களுக்காக ஓர் ஆட்டமும் ஆடுமுன், அவ்வாண்டு செப்டம்பரிலேயே, மேலும் ஐந்து ஆண்டுக்கு 24 கோடியே 50 இலட்சம் எழுதிக்கொடுத்தது. பொறுத்திருந்து பார்க்க முன்னைய ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு மிச்சம் இருந்தது. உரிமைகளை அள்ளிக் கொடுத்து வாங்கிய பொருள் கைநழுவிவிடுமோ என்ற அச்சமே அவர்களைத் துரிதப்படுத்தியது என்பது என் எண்ணம்.

இரண்டு பருவம் ஆடினார், குழு எழவில்லை. 2024 மார்ச்சில் டென்வர் அவரை விடுவித்தது. செத்த பணம் 8 கோடியே 50 இலட்சம் வெள்ளி, இரண்டு ஆண்டில் எழுதவேண்டியது. லீக் அதுவரை கண்டிராத தொகை. அவ்வளவு பெரிய ஓட்டை விழுந்த பானையோடு டென்வர் எப்படிப் பிழைத்தது என்றால், அவ்வாண்டுத் தேர்வில் பன்னிரண்டாவதாக எடுத்த போ நிக்ஸ் என்னும் இளைஞரை, அட்டவணைச் சம்பளத்துக்குக் குவார்ட்டர்பேக்காக நிறுத்தி. 2011-ஆம் ஆண்டு அட்டவணை இல்லாதிருந்தால் அது நடந்திராது.

வில்சனைப் பிட்ஸ்பர்க் சேர்த்துக்கொண்டது. அவருக்கு அவ்வாண்டு 3 கோடியே 90 இலட்சம் உறுதி செய்யப்பட்டிருந்தது. பிட்ஸ்பர்க் கொடுத்தது லீக்கின் குறைந்த அளவுச் சம்பளமாகிய 12 இலட்சத்துச் சொச்சம். மீதியெல்லாம் டென்வரின் பொறுப்பு. 2024 செப்டம்பர் 15-ஆம் நாள் பிட்ஸ்பர்க் குழு ஆட்டத்துக்காக டென்வர் நகருக்கே வந்தது. கெண்டைக்கால் நோவால் வில்சன் அன்று ஆடவில்லை. எதிரணியின் உடையில் மைதான ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிட்ஸ்பர்க் 13-6 என்று வென்றது.